சாயங்கால வோல்டேஜ்

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் சாயங்காலமானால் பல்பு எரியும், வெளிச்சம் மட்டும் இருக்காது. கம்பெனி கரண்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு காயில் அடுப்பு வைத்திருந்தார்கள். ஷிப்ட் விட்டு ஆம்பளைகள் வருவதற்குள் சோறு இறக்கியாக வேண்டும் என்பதால் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போடுவார்கள். உடனே பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்து நிற்கும். ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். வோல்டேஜ் இல்லை, வோல்டேஜ் இல்லை என்று அலுத்துக்கொண்டே அதே கரண்டில் சோறு வடிப்பார்கள். அந்த லைனில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். வோல்டேஜ் குறைந்தால் மனுஷன் குரல் என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது தெரியவந்தபோது மங்களத்துக்குப் பிள்ளை இல்லை.

அவளுக்கு ஒரே மகன், மனோகர். வயரிங் வேலை படித்துவிட்டு, தொண்ணூற்றாறில் ஏசி மாட்டுகிற வேலைக்கு பஹ்ரைன் போனான். கிளம்பும்போது அப்பா வேலு அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: தண்ணியைத் தொடாதே. அவர் சும்மா சொல்லவில்லை. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கட்டுகிற வேலை வேலுவுக்கு. அவர் தம்பிக்கும் அதே ஷாஃப்டில்தான் வேலை. ஒரு நாள் அவன் குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்து, ஆளை இறக்குகிற கேஜ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே காலை எடுத்து வைத்துவிட்டான். கீழே போய் அள்ளிக்கொண்டு வந்தவர் வேலு. அன்றிலிருந்து குடித்தவன் நிழல் மேலே பட்டாலே அவருக்கு ஆகாது. மனோகரும் கற்பூரம் ஏற்றி, கையடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ரயிலேறினான்.

போன சில மாதங்களில், ஊருக்கு வந்த பங்காருபேட்டைக்காரர் ஒருவரிடம் பெரிய அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பினான். உள்ளே புத்தம் புதிய டேப் ரெக்கார்டர். கூடவே அவன் பேசி அனுப்பிய கேசட். வெளிநாட்டுச் சாமான் வந்தால் லைனே வந்து பார்ப்பதுதான் அங்கே வழக்கம். கூப்பிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. வேலு ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, வெள்ளைச் சட்டை வேறு போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஏசுபாதமும் அவன் மனைவி ஃப்ளோராவும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மங்களம் ரெக்கார்டருக்குக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

“அ…ப்பா… நல்…லா… கீ…றீங்…களா…”

மனோகரின் குரல் சன்னமானது. கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று பேசுகிறவன். ரெக்கார்டரிலிருந்து வந்ததோ தடித்த குரல், நாக்குப் புரளாத குரல். ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் தடுமாறி விழுந்து எழுந்து வந்தது. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாவின் கால்வலியைக் கேட்டான், ரூமில் ஆறு பேர் என்றான், கீரைக் குழம்பு என்று என்னவோ ஆரம்பித்தான். எல்லாமே அந்த இழுவையில்.

“பஹ்ரைன்ல தண்ணி தாராளமா கெடைக்குமாமே,” என்றான் ஏசுபாதம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

வேலு எழுந்து ரெக்கார்டரை நிறுத்தினார். “எல்லாரும் வூட்டுக்குப் போங்க,” என்றார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். லைனில் இன்னும் நாலு வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. சாயங்காலத்தில் அதுகளிலும் பாட்டு இழுக்கும். அப்போதெல்லாம் ‘பழசு, இழுக்குது’ என்று தலையில் தட்டுவார்கள். இதுவோ புதுசு, அதிலும் வெளிநாட்டுச் சாமான். அது தப்புச் செய்யுமா? செய்யாது. அப்படியென்றால் தப்பு பிள்ளையுடையது. கடல் தாண்டி வந்த சாமான் மேல் வைத்த நம்பிக்கையில் கால்வாசியை அந்த லைன் தன் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை மேல் வைத்திருக்கலாம். பெற்றவர்களே வைக்காதபோது ஊரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

வேலு நாலே வரியில் கடிதம் போட்டார். குடிகாரப் பிள்ளை எனக்கு வேண்டாம், நான் இருக்கிற வரைக்கும் இந்த வாசலை மிதிக்காதே என்பதுதான் விஷயம். அது போய்ச் சேர்ந்ததும் மனோகர் ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்து அம்மாவை வரச் சொன்னான். மங்களம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

“அம்மா, அப்பா இன்னாம்மா இப்படி எழுதிகீறாரு?”

“வேற எப்படி எழுதச் சொல்ற? நீ பேசினத லைனே கேட்டுச்சுடா. குடிச்சியா?”

“கேசட்ட முழுசா கேட்டீங்களாம்மா?” என்றான்.

மங்களம் தயங்கினாள். உன் அப்பா பாதியிலேயே நிறுத்திவிட்டார், உன் பேச்சை முழுதாகக் கேட்கக்கூட அவருக்கு மனசில்லை என்று பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்? அந்த ஒரு வருத்தமாவது அவனுக்கு இல்லாமல் போகட்டும் என்று நினைத்தாள்.

“கேட்டோம்டா. முழுசாத்தான் கேட்டோம்.”

“முழுசா கேட்டும் இப்படி நெனச்சிட்டீங்களா?”

“ஆமா.”

“அப்ப சரிம்மா,” என்று போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு பணம் மட்டும் தவறாமல் வந்தது, பேச்சு வரவில்லை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான், ரோஷத்தில். இரண்டாம் வருஷம் ஊருக்குப் போகலாம் என்று லீவு கொடுத்தார்களாம். எந்த வாசலுக்கு வருவான்? லீவு வேண்டாம் என்று வேலைக்கே போனான். அந்த லீவு நாட்களில் ஒன்றில்தான், மாடிச் சுவரில் ஏசி மாட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தான். துணைக்கு ஒருத்தரும் வரவில்லை. டேப் ரெக்கார்டருக்காவது ஒரு ஆள் துணை வந்தது, பிள்ளை பெட்டிக்குள் தனியாகத்தான் விமானத்தில் வந்து சேர்ந்தான்.

மண் போடும்போது வேலு கண் கலங்கவில்லை. “குடிச்சிட்டுத்தான் வுழுந்திருப்பான். எந்தம்பி மாதிரியே,” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மங்களமும் மறுத்துப் பேசவில்லை. மனோகர் குடிகாரன் என்பது அன்றோடு லைனில் முடிந்துபோன விஷயமாகிவிட்டது. சின்னப் பையன்கள் யாராவது தள்ளாடி விளையாடினால், ‘மனோகரண்ணன் மாதிரி ஆயிடுவே’ என்று தாய்மார்கள் அதட்டுவார்கள். மங்களத்தின் காதுபடவே சொல்வார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள்.

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்ட் சங்கு நின்றது, லைனுக்கு வருகிற கரண்டு மட்டும் நிற்கவில்லை. ஆம்பளைகள் பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை தேட ஆரம்பித்தார்கள். வேலுவால் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கவே முடியவில்லை. இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் போன தூசி, வேலை நின்றதும் கணக்குத் தீர்க்க உட்கார்ந்துவிட்டது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சி எதுவும் வேண்டாம், இருக்கிற வரைக்கும் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மங்களத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் வேலு சுவரைப் பார்த்துக்கொண்டே, “மங்களம், அந்தப் பொட்டிய எடு,” என்றார். “எந்தப் பொட்டிங்க?” என்றாள். “அவன் பேசினது. ஒரு தடவ கேக்கணும்.”

டிரங்குப் பெட்டிக்கு அடியில், மூட்டை கட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பொத்தானை அமுக்கினால் சின்ன விளக்கு எரிந்தது, கேசட் சுற்றவில்லை. மங்களம் அதை ஒரு பழைய புடவையில் சுற்றி, பஸ் பிடித்து, ஆண்டர்சன்பேட்டையில் நாகேஷ் கடைக்கு எடுத்துப் போனாள். ரேடியோ, டீவி ரிப்பேர் செய்கிறவன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையிலும் சளைக்காமல் பேசுவான்.

“பெல்ட் போயிடுச்சும்மா. ரப்பர் தார் மாதிரி உருகிடுச்சு. கூத்கொள்ளி, பத்து நிமிசத்துல போட்டுத் தரேன்,” என்று நடுவில் கன்னடத்தில் உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினான். புது பெல்ட் மாட்டி, ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்து, கேசட்டைப் போட்டான்.

“அப்பா, நல்லா கீறீங்களா? அம்மா, கால்வலி எப்படி கீது?”

மங்களம் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். கடை வாசலைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் கேட்டது. சன்னமான குரல், படபடப்பான பேச்சு, அவள் பிள்ளை.

“இங்க ரூம்ல ஆறு பேரும்மா, சமையல் நாந்தான். உன் கீரைக் கொழம்பு மாதிரி வெக்கப் பாத்தேன், வரவே மாட்டேங்குது. அப்பா, ஒண்ணு மறந்துட்டேன் பாருங்க. இத சாயங்காலம் போட்டுடாதீங்க. அடுப்ப போட்டுட்டாங்கன்னா நம்ம லைன்ல வோல்டேஜ் இருக்காது, என் பேச்சு இழுத்துக்கும். தண்ணி போட்டவன் மாதிரி கேக்கும். அப்பால நீங்க கற்பூரத்த எடுத்துகினு பஹ்ரைனுக்கே வந்துடுவீங்க.” சிரித்தான். “பொட்டில தர்மாகோலுக்கு அடில ஆறு பேட்டரி செல்லு வெச்சிகீறேன். அத போட்டுக் கேளுங்க.”

“நிறுத்துப்பா,” என்றாள் மங்களம். அதற்கு மேல் கேட்க அவளால் முடியவில்லை.

ரெக்கார்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இத நீ இன்னா பண்ண? எங்க வூட்ல இப்படிப் பேசலியே.”

நாகேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் எப்போது போட்டீர்கள், பல்பு எப்படி எரியும் என்று விசாரித்தான். பிறகு பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினான். “செவுத்துல வர்ற கரண்டு அப்படியே உள்ள போகாதும்மா. இது கொறச்சிக் குடுக்கும். வெளிய இருநூத்தி முப்பது வந்தா உள்ள ஒம்பது. இந்தச் சின்ன மோட்டருக்கு ஒம்பது வேணும், அப்பத்தான் சரியான வேகத்துல சுத்தும். உங்க லைன்ல நூத்தம்பது வந்தா உள்ள ஆறுகூட வராது. மோட்டர் சோம்பிடும், பேச்சு இழுக்கும். ஆறு செல் போட்டா, ஒண்ணுக்கு ஒண்ணரை, அதே ஒம்பது. உங்க பையன் சரியாத்தான் சொல்லிகீறான்.”

அவன் மேஜையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் குமிழைத் திருப்பினால் வோல்டேஜ் கூடும், குறையும். நம்பட்டும் என்று, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டுக் குமிழைக் கீழே திருப்பினான். மனோகரின் நாக்குத் தடித்தது, தடுமாறினான், குடிகாரன் ஆனான். மேலே திருப்பினான். தெளிந்து, கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஒரு குமிழ். இவ்வளவுதானா? இவ்வளவுக்கா என் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம்? மங்களம் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாகேஷ் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

முதலில் சொல்ல வேண்டியதை நடுவில் சொன்னான் பாவிப் பிள்ளை, அவன் செய்த தப்பு அது ஒன்றுதான். அதைப் போனில் கேட்கவும் கேட்டானே, முழுதாகக் கேட்டீர்களா என்று! அவள் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால், ‘மீதியக் கேளும்மா’ என்று அன்றைக்கே சிரித்திருப்பான். லீவுக்கு வந்திருப்பான். பஸ்ஸில் வரும்போது மங்களம் இதையே நினைத்து நினைத்து நெஞ்சில் குத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள். தர்மாகோலுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஆறு செல். வெள்ளையாகப் பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வேலு பார்ப்பதற்குள் முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

“சரியாயிடுச்சா?” என்றார் வேலு.

“ஆயிடுச்சு. சாயங்காலம் போடறேன்.”

வேண்டுமென்றேதான் சொன்னாள். காலையில் போட்டால் உண்மை தெரிந்துவிடும். ஒரு பாவமும் செய்யாத பிள்ளையைத் துரத்தினோம், அதனால்தான் செத்தான் என்று தெரிந்தால் இவர் மூச்சு அன்றைக்கே நின்றுவிடும். சொல்லாவிட்டால் மனோகர் குடிகாரனாகவே மண்ணுக்குள் கிடப்பான். செத்தவனுக்குப் பேர் வேண்டும், இருக்கிறவருக்கு மூச்சு வேண்டும். இரண்டையும் காப்பாற்ற வழி இருந்தால் மங்களம் எந்தச் சாமி காலிலும் விழுந்திருப்பாள். கடைசியில் பிள்ளையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் போடுவது, கீரைக் குழம்பு வந்ததும் நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தாள்.

சாயங்காலம் அடுப்புகள் ஏறின, பல்பு சிவந்தது. சத்தம் கேட்டு ஃப்ளோரா வந்து வாசல்படியில் நின்றாள். மங்களம் கேசட்டை ஓடவிட்டாள்.

“அ…ப்பா… நல்…லா… கீ…றீங்…களா…”

வேலு கண்ணை மூடிக்கொண்டார். முதல் தடவை அவர் முகம் கறுத்தது மாதிரி இப்போது கறுக்கவில்லை. கீரைக் குழம்பு வந்தது. மங்களம் பொத்தானுக்குக் கை நீட்டினாள். வேலு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உடு.”

“போதுங்க. பொட்டி சூடாயிடும். நாளிக்கிக் கேக்கலாம்.”

“உடு மங்களம். அன்னிக்கித்தான் பாதில நிறுத்தினேன். குடிச்சான்னா குடிச்சிட்டுப் போறான், எம் புள்ளதானே. இந்தத் தடவ முழுசா கேக்கறேன்.”

அந்த மூச்சுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, கையை அவளால் உருவ முடியவில்லை. கேசட் ஓடியது. சாயங்காலம் போடாதீர்கள் என்றான் மனோகர், வார்த்தை வார்த்தையாக, இழுத்து இழுத்து. வோல்டேஜ் என்றான். தண்ணி போட்டவன் மாதிரி கேட்கும் என்றான். அவன் சிரிப்புகூட மெதுவாக, முனகல் மாதிரி வந்தது. ஆறு செல் என்றான்.

வேலு கண்ணைத் திறந்தார். பல்பை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மங்களத்தைப் பார்த்தார். அவளே நிறுத்தினாள்.

“உனக்குத் தெரியுமா?”

“கடையிலதான் கேட்டேன்.”

“அவன் போன் பண்ணானே. உங்கிட்ட இன்னா கேட்டான்?” இத்தனை வருஷத்தில் அதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“முழுசா கேட்டீங்களான்னு கேட்டான். கேட்டோம்னு சொல்லிட்டேங்க. நீங்க நிறுத்தினத சொல்ல மனசு வரல.” சொல்லி முடிப்பதற்குள் மங்களம் அவர் கால்மாட்டில் சரிந்துவிட்டாள்.

வேலு அவளைத் திட்டவில்லை. தன் நெஞ்சை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சோடு போராடினார். மங்களம் பயந்துபோய்த் தண்ணீரை எடுத்தாள். வேண்டாம் என்று தள்ளினார். வாசலைப் பார்த்தார்.

“ஃப்ளோரா, லைன்ல எல்லாரையும் அடுப்ப அணைக்கச் சொல்லு. எம் புள்ள பேசறான்.”

ஃப்ளோரா ஓடினாள். அடுத்த வீட்டில் என்ன சொன்னாள், அதற்கடுத்த வீட்டில் என்ன சொன்னாள் என்று தெரியாது. அவள் அழுகிற சத்தம் மட்டும் லைன் கடைசி வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீடாக அடுப்பு அணைந்தது. பல்பு மஞ்சளாகி, அதற்கு மேலும் தெளிந்தது. பகல் மாதிரி இல்லை, பக்கத்து லைன்களில் இன்னும் சோறு வெந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் போதும். ஈரக்கையோடு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். பின்னால் ஏசுபாதம் வந்து, உள்ளே வரத் தைரியமில்லாமல் நின்றான். மங்களம் கேசட்டை முதலுக்குச் சுற்றி ஓடவிட்டாள்.

மனோகர் பேசினான். குடிக்காத மனோகர், லைனே தூக்கி வளர்த்த மனோகர். கால்வலியைக் கேட்டான், கீரைக் குழம்பைச் சொன்னான், கற்பூரத்தைச் சொல்லிச் சிரித்தான். வாசலில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு செல்லுக்கு அப்புறமும் பேச்சு இருந்தது. அது மங்களமும் கேட்காதது.

“அடுத்த வருசம் லீவு குடுப்பாங்கப்பா. வந்துடுவேன். நைட் ஷிப்டு கிப்டுன்னு சொல்லாம மாரிகுப்பம் ஸ்டேஷன்ல வந்து நில்லுங்க, பொட்டிங்கள தூக்க ஆள் வேணும்.”

“நிக்கிறேன்டா,” என்றார் வேலு. “வாடா, நிக்கிறேன்.”

அதற்கு மேல் கேசட்டில் பேச்சு இல்லை. வெறும் இரைச்சல் ஓடியது, அதை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. வேலு தலையணையில் முகத்தைப் புதைத்து, மூச்சுக்கும் அழுகைக்கும் நடுவில் திணறிக்கொண்டிருந்தார். மங்களம் அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அந்த லைனில் ஒரு வீட்டிலும் சோறு வேகவில்லை.